முழங்கால், இடுப்பு, தோள்: மூட்டு பயோமெக்கானிக்ஸில் பிஎச்டி இடம் தேடுவது எப்படி

மெக்கானிக்கல் முடித்தவர்கள், பயோமெடிக்கல் முடித்தவர்கள், அவ்வப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணா, ஆர்த்தோ பயோமெக்கானிக்ஸில் பிஎச்டி பண்ணணும், எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணலாம்?"

எலும்பும் மூட்டும் எப்படி அசைகின்றன, எவ்வளவு விசையைத் தாங்குகின்றன என்று ஆராயும் துறை அது. நாடு கடைசியில் வர வேண்டிய கேள்வி. எந்த மூட்டு, அந்த மூட்டில் எது உங்களை உறுத்துகிறது, அதை எந்தக் கருவியை வைத்து ஆராயப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து, யாருக்கும் ஒரு மெயில்கூடப் போடாமல் இரண்டு மாதம் உட்கார்ந்து, இலவசமாகக் கிடைக்கும் தரவை வைத்து ஒரு சின்ன வேலையை முடியுங்கள். அப்புறம் எழுதுங்கள். நான் முதல் தடவை இப்படிச் செய்யவில்லை. பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு மேல் அனுப்பினேன், ஒரு வருடம் போய்விட்டது, உருப்படியான பதில் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த வருடம் நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை இணைத்து ஏழு பேருக்கு எழுதினேன், மூன்று பேர் பேசலாம் என்றார்கள். எனக்குத் தெரிந்து இந்த வழியில் போன மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தினமும் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்

மூட்டு பயோமெக்கானிக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன. விளம்பரத்தில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், சேர்ந்த பிறகுதான் வித்தியாசம் புரியும்.

ஒன்று, உடலைக் கணினிக்குள் கட்டுவது. எலும்புகள், மூட்டுகள், அவற்றை இழுக்கும் தசைகள் எல்லாவற்றையும் ஒரு மாடலாக வைத்து, ஒருவர் நடக்கும்போது எந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது, மூட்டுக்குள் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்கிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் டெல்ப் குழு 2007-ல் வெளியிட்ட ஓப்பன்சிம் இதற்கான மென்பொருள், இலவசம். கணக்கும் கொஞ்சம் பைத்தானோ மேட்லாபோ தெரிந்தவர்களுக்கு இது நல்ல இடம்.

இரண்டாவது ஃபைனைட் எலிமெண்ட், அதாவது ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை. குருத்தெலும்பு, மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள் இருக்கும் மெத்தை போன்ற திசு), எலும்பு, இம்ப்ளாண்ட் (உள்ளே பொருத்தும் செயற்கைப் பாகம்) ஆகியவற்றுக்குள் தகைவு, அதாவது உள் அழுத்தம், எங்கே குவிகிறது என்று பார்ப்பது. அபாகஸ், ஆன்சிஸ் மென்பொருள்கள் தெரிந்த மெக்கானிக்கல் பிள்ளைகள் எல்லோரும் முதலில் இங்கேதான் ஓடி வருவார்கள். ஆனால் முதல் ஆறு மாதம் எம்ஆர்ஐ படத்தில் ஸ்லைஸ் ஸ்லைஸாகக் குருத்தெலும்பின் ஓரத்தை வரைவதிலேயே போகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யூட்டா, கொலம்பியா பல்கலைக்கழகக் குழுக்கள் சேர்ந்து உருவாக்கிய ஃபெபயோ என்ற மென்பொருள் குருத்தெலும்பு போன்ற நீர் நிறைந்த திசுக்களுக்கென்றே எழுதப்பட்டது. லைசென்ஸ் வாங்கக் காசில்லாத கல்லூரியில் இருந்தாலும் அதை இறக்கிப் பழகலாம்.

மூன்றாவது இயந்திரத்தோடு வாழ்வது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு, தெரிந்து தேர்ந்தெடுப்பவர்கள் அதைவிடக் குறைவு. செயற்கை மூட்டு எவ்வளவு தேயும் என்று பார்க்க சிமுலேட்டர் இருக்கிறது. முழங்காலுக்கு ஐஎஸ்ஓ 14243, இடுப்புக்கு ஐஎஸ்ஓ 14242 என்று தரநிலை உண்டு. கன்றின் சீரத்தை நீர்த்து, 37 டிகிரியில் வைத்து, அதற்குள் மூட்டை நடக்க விடுவார்கள். விநாடிக்கு ஒரு அடி வீதம் 50 லட்சம் சுழற்சி. இரவு பகல் நிற்காமல் ஓடினாலே 58 நாள் ஆகும். நடுவில் நிறுத்தி, பாலிஎத்திலீன் துண்டைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் திரவத்தை உறிஞ்சி எடை கூடிவிடும் என்பதால், நடக்காமல் பாரம் மட்டும் தாங்கி அதே திரவத்தில் ஊறும் இன்னொரு துண்டையும் பக்கத்தில் வைத்து அதன் எடையேற்றத்தைக் கழிப்பார்கள். எல்லாம் மில்லிகிராம் கணக்கு. ஒரு நாள் சீரம் கெட்டால் அந்தச் சுற்றே வீண். பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிடத் திருப்தியான வேலை கிடையாது, ஏனென்றால் நீங்கள் சொல்லும் எண் ஒரு மனிதருக்குள் பல வருடம் இருக்கப்போகும் பொருளைப் பற்றியது. ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் இடுப்பு மாற்று சிகிச்சையைத் தொடங்கியபோது கிண்ணத்துக்கு டெஃப்லான் பயன்படுத்தினார். சில வருடங்களிலேயே அது தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்து, தான் வைத்த மூட்டுகளைத் தானே திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. 1962-ல் உயர் அடர்த்தி பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் அந்த சிகிச்சை நிலைத்தது. தேய்மான ஆய்வு ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

தானமாக வந்த முழங்காலை ஆறு திசையிலும் அசைக்கும் ரோபோவில் பொருத்தி, ஏசிஎல் என்ற முழங்கால் தசைநாரை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு தளர்கிறது என்று அளப்பதும் இந்த வகையில்தான் சேரும். அதற்கு மனத்தளவில் தயாராக இருக்க வேண்டும்.

நான்காவது நோயாளிகளோடு வேலை. மோஷன் கேப்சர் கேமரா, தரையில் கால் அழுத்தும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட், தோலில் ஒட்டும் மார்க்கர், தசையின் மின்சமிக்ஞையை அளக்கும் ஈஎம்ஜி. பந்துவீச்சில் முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது என்று சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் சோதிப்பதைப் பற்றிக் கிரிக்கெட் செய்தியில் படித்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே கருவிகள்தான். பிசியோ படித்தவர்களின் பலம் இங்கே இருக்கிறது. ஒரு மூதாட்டியை எப்படி நிற்க வைப்பது, எப்போது வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது, இதெல்லாம் பொறியாளர்களுக்கு மெதுவாகத்தான் வரும்.

இந்த நான்கில் எது உங்களுக்குச் சலிக்காது என்று யோசியுங்கள். ஊதியமும் ஊரும் அப்புறம்.

கேள்வியை வீட்டிலிருந்தே எடுக்கலாம்

"எனக்கு முழங்கால் பிடிக்கும்" என்பது கேள்வி ஆகாது. நல்ல கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். மூட்டு மாற்று செய்துகொண்ட பாட்டியிடம் டாக்டர் என்ன சொல்லி அனுப்புகிறார்? சம்மணம் போடாதீர்கள், குத்தவைத்து உட்காராதீர்கள், வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். சம்மணம், குத்தவைத்தல், மண்டியிடுதல் எல்லாம் 110-லிருந்து 165 டிகிரி வரை கேட்கும். அந்த நிலையில் தொடையின் பின்புறம் கெண்டைக்கால் மேல் அழுந்துகிறது, அந்த அழுத்தமே பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கி மூட்டுக்குள் விழும் விசையைக் குறைக்கிறது. நெதர்லாந்தில் நைமேகன் ஆர்த்தோ ஆய்வுக்கூடத்தில் இதை அளந்து, மாடலுக்குள்ளும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சரி, ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் இது எப்படி மாறும்? கையை ஊன்றி எழும்போது என்ன ஆகும்? பாதி மடங்கிய நிலையைக் கடக்கும் அந்த ஒரு நொடியில் எவ்வளவு? இப்படி ஒரு வீட்டுக் காட்சியிலிருந்து மூன்று ஆய்வுக் கேள்வி வந்துவிட்டது, எல்லாம் ஒரு பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கக்கூடியவை.

ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்ட கபடி விளையாடும் தம்பி, தோள் தூக்க முடியாத பெயின்டர் மாமா, நெல் நடவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் அக்கா என்று சுற்றிப் பாருங்கள். கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். அதில் மூட்டின் பெயர், அசைவு, அளக்கக்கூடிய ஓர் அளவு, இவை மூன்றும் இல்லையென்றால் திரும்ப எழுதுங்கள்.

அந்த இரண்டு மாத வேலை

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள்.

பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையோடு சேர்ந்த ஜூலியஸ் வுல்ஃப் ஆய்வுக்கூடத்தில், கியோர்க் பெர்க்மான் தலைமையில், செயற்கை மூட்டுக்குள்ளேயே விசை அளக்கும் கருவியை வைத்து அதை உண்மையான நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். இடுப்பு, முழங்கால், தோள், முதுகெலும்பு எல்லாம் உண்டு. அவர்கள் நடக்க, படி ஏற, நாற்காலியிலிருந்து எழ, உள்ளே விழும் விசை கம்பியில்லாமல் வெளியே வந்தது. அந்தத் தரவை ஆர்த்தோலோட் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். 2001-ல் அவர்கள் வெளியிட்ட இடுப்பு அளவீட்டில், மணிக்கு சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது சராசரி நோயாளியின் இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் 238 சதவீதமும், படி ஏறும்போது 251 சதவீதமும், இறங்கும்போது 260 சதவீதமும் விழுந்தது. ஏறுவதைவிட இறங்குவது கூடுதல் என்பதைக் கவனியுங்கள்.

முதல் வாரம் ஆர்த்தோலோடில் ஒரே ஒரு நோயாளியின் ஒரே ஒரு அசைவை எடுங்கள். வரைபடம் போடுங்கள். உச்சம் எப்போது வருகிறது, ஏன் நடையில் இரண்டு உச்சம் இருக்கிறது, எந்த அச்சு எந்தத் திசை என்று புரியும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அச்சுத் திசையைக் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு, அனுபவசாலிகளும் செய்வார்கள்.

அப்புறம் ஓப்பன்சிம். கூடவே வரும் பயிற்சிகளை வரிசையாக முடிக்க இரண்டு வாரம் வையுங்கள். பிறகு முழங்கால் விசையை முன்கணிக்கும் 'கிராண்ட் சேலஞ்ச்' தரவைத் தேடி இறக்குங்கள். 2010-ல் தொடங்கிய போட்டி அது. கருவி பொருத்திய செயற்கை முழங்கால் உள்ள ஒருவரின் மார்க்கர் தரவு, தரை விசை, ஈஎம்ஜி, சிடி படங்கள் எல்லாவற்றையும் கொடுத்து, உள்ளே அளந்த விசையை மட்டும் மறைத்து வைத்து, கணக்கிட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்கள். இப்போது விடையும் சேர்த்தே கிடைக்கிறது. சிம்டிகே தளத்தில் இலவசம், பதிவு செய்தால் போதும்.

மாடலை அவர் அளவுக்குச் சரிசெய்து, அசைவைப் பொருத்தி, தசை விசைகளைக் கணக்கிட்டு, கடைசியில் முழங்காலில் விழும் மொத்த விசையை எடுங்கள். உள்ளே அளந்ததன்மேல் அதைப் போட்டுப் பாருங்கள். பொருந்தாது. அநேகமாக உங்கள் கோடு உயரமாக இருக்கும், குறிப்பாகக் குதிகால் தூக்கும் நேரத்தில் வரும் இரண்டாவது உச்சத்தில். இங்கே மனம் தளர்ந்து விட்டுவிடாதீர்கள், வேலை இங்கேதான் தொடங்குகிறது. கெண்டைக்கால் தசையின் பாதை முழங்காலுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிப் போகிறது? மாடலில் தசை வலு இளைஞருடையதா, கிழவருடையதா? மார்க்கர் தோலோடு நகர்ந்ததா? ஒரு சந்தேகத்தை எடுத்து, அதை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டி, கோடு எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள்.

இதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதுங்கள். கேள்வி, தரவு, செய்தது, இரண்டு படம், எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று நினைக்கிறீர்கள். புதிதாக எதையும் கண்டுபிடித்திருக்க வேண்டாம். நீங்கள் ஒரு கோப்பைத் திறந்து, குழம்பி, தெளிந்து, நேர்மையாக எழுதக்கூடியவர் என்று அந்த நான்கு பக்கமும் காட்டினால் போதும். உங்கள் மதிப்பெண் பட்டியல் அதைக் காட்டாது.

ஃபைனைட் எலிமெண்ட் பக்கம் போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கிளீவ்லாந்து கிளினிக்கிலிருந்து வந்த ஓப்பன் நீ மாடல்கள் திறந்தே கிடக்கின்றன. அமெரிக்காவின் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் 4,796 பேரின் முழங்காலைப் பல வருடம் தொடர்ந்து எம்ஆர்ஐ எடுத்து வைத்திருக்கிறது, ஆய்வுக்கென்று விண்ணப்பித்துப் பெறலாம்.

இடமும் பணமும்

இந்தியாவிலேயே செய்ய நினைத்தால் ஐஐடி மெட்ராஸில் அப்ளைடு மெக்கானிக்ஸ் அண்ட் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் துறை இருக்கிறது. வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து நடத்தும் கூட்டுப் படிப்பும் அங்கே உண்டு. டாக்டர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. அதே வளாகத்தின் ஆர்2டி2 மையத்தில்தான் கால் இழந்தவர்களுக்கான 'கதம்' என்ற செயற்கை முழங்கால் உருவானது. ஐஐடி கரக்பூரில் இடுப்பு இம்ப்ளாண்டும் எலும்பு மறுவடிவமும், பம்பாயில் பெட்டிக் மையத்தில் மருத்துவக் கருவி வடிவமைப்பு, டெல்லியில் பயோமெடிக்கல் மையம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாசனை உண்டு. சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாளே இருக்கிறது, மெக்கானிக்கல் தாளும் செல்லும். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. விடுதியில் இருந்தால் ஓடும், குடும்பம் இருந்தால் இழுபறிதான், அதையும் நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முறை. நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஸ்வீடனில் பிஎச்டி என்பது பெரும்பாலும் வேலை. சம்பளம், லீவு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு, முதுகலை கட்டாயம் கேட்பார்கள். விளம்பரம் வரும், அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் இ13 என்ற ஊதியப் படி, அதில் 65 சதவீதமா 100 சதவீதமா என்பதை விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள், அதைப் பார்க்காமல் ஆசைப்படாதீர்கள்.

ஐரோப்பாவின் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் இடங்கள் நல்ல சம்பளத்தோடு வரும், யூராக்சஸ் தளத்தில் தேடலாம். அதில் ஒரு விதி பலரை வீழ்த்தியிருக்கிறது. சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், எந்த நாட்டில் இடமோ அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஆக, ஜெர்மனியில் இரண்டு வருடம் முதுகலை படித்து முடித்த கையோடு ஜெர்மனியில் இந்த இடம் கிடையாது, பெல்ஜியத்திலோ ஃபின்லாந்திலோ கிடைக்கலாம். பெல்ஜியத்தில் லூவனில் நடை ஆய்வும், ஃபின்லாந்தில் குவோபியோவில் குருத்தெலும்பு மாடலும் பேர் பெற்றவை, அதனால் இழப்பொன்றும் இல்லை.

பிரிட்டனில் லீட்ஸ் தேய்மான ஆய்வுக்கும், லண்டன் இம்பீரியல் முழங்கால் தசைநார் ஆய்வுக்கும் நீண்ட வரலாறு கொண்டவை. அரசின் ஆய்வு நிதி அமைப்பான யுகேஆர்ஐ தரும் உதவித்தொகை 2025-26-ல் குறைந்தது 20,780 பவுண்டு. ஆனால் விளம்பரத்தின் அடியில் "உள்நாட்டுக் கட்டணம் மட்டும்" என்று ஒரு வரி இருந்தால் மீதிக் கட்டணம் உங்கள் தலையில் விழும். அந்த வரியை முதலில் படியுங்கள். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்பில் அந்த வருடம் தங்கள் நாட்டுக்கு பிஎச்டி இடம் உண்டா என்று இந்தியத் தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் மெக்கானிக்கல், மெட்டீரியல்ஸ் பிரிவில் பதிவாகும் பிஎச்டிக்கு விசாவுக்கு முன்பே ஏடாஸ் என்ற பாதுகாப்புச் சான்று வேண்டும். அது வரக் குறைந்தது 30 வேலை நாள் ஆகும். இதைத் தெரியாமல் அக்டோபர் சேர்க்கையைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், நிதியோடு வரும் இடத்துக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. யூட்டா, டென்வர், விஸ்கான்சின், ஸ்டான்ஃபோர்ட் எல்லாம் மூட்டு ஆய்வில் ஆழமானவை. ஆஸ்திரேலியாவில் கிரிஃபித், ஃபிளிண்டர்ஸ், மெல்போர்ன். நியூசிலாந்தில் வெளிநாட்டு பிஎச்டி மாணவர்களுக்கும் உள்நாட்டுக் கட்டணம்தான். ஆக்லாந்து பயோஇன்ஜினியரிங் நிறுவனம் மூட்டு மாடல்களுக்குப் பேர் போனது, ஆனாலும் நம்மவர்கள் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

கடிதம்

மரியாதை வார்த்தைகளால் நிரப்பாதீர்கள். "தங்கள் மகத்தான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்கும் மெயில் அவர்களுக்கு நாளைக்குப் பத்து வருகிறது. ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், ஆனாலும் உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

"நான் இன்ன கல்லூரியில் மெக்கானிக்கல் முதுகலை முடிக்கிறேன். செயற்கை முழங்கால் வைத்தவர் தரையிலிருந்து எழும்போது மூட்டு விசை எவ்வளவு, அதில் தொடையும் கெண்டைக்காலும் அழுந்துவதன் பங்கு எவ்வளவு என்பது என் கேள்வி. கிராண்ட் சேலஞ்ச் தரவில் ஒருவரின் நடையை ஓப்பன்சிம்மில் கணக்கிட்டுப் பார்த்தேன். என் மாடல் இரண்டாவது உச்சத்தை அளவீட்டைவிட உயர்த்திக் காட்டுகிறது. கெண்டைக்கால் தசையின் பாதையை மாற்றியபோது வேறுபாடு குறைந்தது, முழுதும் போகவில்லை. உங்கள் குழு ஆழமாக மடங்கும் நிலைக்குப் பயன்படுத்தும் மாடலில் இதை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று அறிய ஆசை. நான்கு பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இடம் இருந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறேன்."

அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போடலாம். பேராசிரியருக்கு மட்டும் எழுதாமல், அந்தக் குழுவில் கடைசி வருடத்தில் இருக்கும் மாணவருக்கும் மாடலைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு எழுதுங்கள். எனக்கு இடம் கிடைத்தது ஒரு மாணவர் தன் கைடிடம் "இவர் எழுதியதைப் பாருங்கள்" என்று சொன்னதால்தான்.

சேருமுன் நீங்கள் கேட்க வேண்டியவை

நேர்முகத்தில் கேள்வி கேட்பது அவர்கள் மட்டும் அல்ல. நான் முதலில் வேலை செய்த ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதனை இயந்திரம் ஒன்றே ஒன்று, அதுவும் வருடத்தில் பாதி நாள் வெளியாள் ஒப்பந்த வேலைக்குப் போய்விடும். அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மாதிரிகள் ஒன்பது மாதம் ஃப்ரீசரில் காத்திருந்தன. அதனால் இயந்திரம் வாரத்துக்கு எத்தனை நாள் எனக்குக் கிடைக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். நோயாளிகள் தேவைப்படும் ஆய்வென்றால் எதிக்ஸ் அனுமதி ஏற்கெனவே வந்துவிட்டதா, எந்த சர்ஜன் கூட நிற்கிறார், அவர் மாதத்துக்கு ஒரு மணி நேரமாவது உங்களோடு உட்காருவாரா என்று கேளுங்கள். இம்ப்ளாண்ட் கம்பெனி பணம் கொடுக்கிறது என்றால், முடிவு அவர்களுக்குப் பாதகமாக வந்தாலும் வெளியிடலாமா என்பதை எழுத்தில் பாருங்கள். கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்ற கேள்விக்குத் தயங்கிப் பதில் வந்தால், அந்தத் தயக்கமே பதில்.

அவர்கள் கேட்பது

அவர்கள் உங்களிடம் பெரிய சூத்திரம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு தாளைத் தள்ளி, "ஒற்றைக் காலில் நிற்பவரின் இடுப்பில் எவ்வளவு விசை?" என்பார்கள். 60 கிலோ மனிதர் என்று வையுங்கள். ஊன்றிய கால் நீங்கலாக மேலே இருப்பது சுமார் 50 கிலோ. அந்த எடை இடுப்பு மூட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இறங்குகிறது, அதைச் சாயாமல் பிடிக்கும் பக்கவாட்டுத் தசை மூட்டிலிருந்து வெளியே 5 சென்டிமீட்டரில் இழுக்கிறது என்று கொண்டால், தசை 100 கிலோ இழுக்க வேண்டும். மூட்டில் விழுவது இரண்டும் சேர்ந்து 150 கிலோ, உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு. பெர்லினில் அளந்த எண்ணுக்கு வெறும் தாளிலேயே எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள். கையை நீட்டி எதிர்ப் பக்கத்தில், மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, ஊன்றுகோலில் 5 கிலோ அழுத்தினால்? தசைக்கு 60 கிலோ போதும், மூட்டில் 105 கிலோதான். ஐந்து கிலோ அழுத்தத்துக்கு 45 கிலோ குறைகிறது. ஊன்றுகோலை வலிக்கிற பக்கத்துக் கையிலேயே பிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் அடுத்துக் கேட்பது, அந்தக் கணக்கையும் போட்டு வைத்துக்கொண்டு போங்கள்.